கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது

பிரிக்பீல்ட்ஸ்
8 மார்ச் 2025

திருச்செல்வம் அவர்களுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. ஒரு காரியம் ஆக வேண்டும். அது உங்களால்தான் ஆகும் என்று நேற்றுத் தெரிந்தது. தொலைபேசியில் பேசினால் பாதியில் சண்டையாகிவிடும். குரல் பதிவு அனுப்பினால் நான் அழுதேனா, சளி பிடித்திருக்கிறதா என்று என் குரலை ஆராய்ச்சி செய்வீர்கள். அதனால்தான் மின்னஞ்சல்.

பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கும் கண் தெரியாத பிள்ளைகள் சிலர் செலாயாங்கிலும் பூச்சோங்கிலும் ஈப்போவிலும் இருக்கிறார்கள். காதால் கேட்டுப் படிக்க அவர்களுக்குப் பாடநூல் எதுவும் கிடையாது. தீபாவளி முடிந்து இங்கே வந்ததிலிருந்து நான் அவர்களுக்காகப் பாடங்களைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இலக்கணம், கட்டுரை, செய்யுள் எல்லாம். பாடப் பகுதிகளைப் பயன்படுத்தப் பதிப்பகத்தார் அனுமதி தந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் போக வேண்டும், இணையத்தில் பொதுவாக ஏற்றக் கூடாது. ஆகவே எல்லாம் என் வீட்டுக் கணினியிலேயே இருக்கிறது. அதிலிருந்தே அவர்கள் கேட்கும்படி ஒரு மென்பொருளும் போட்டுவிட்டேன்.

வீட்டு வைஃபையில் என் போனில் நன்றாகக் கேட்கிறது. படியிறங்கித் தெருவுக்குப் போனால் கேட்பதில்லை. காரணம் ரௌட்டர். வீட்டிலிருந்து வெளியே போவதை விடும், வெளியிலிருந்து அழைக்காமல் வருவதை நிறுத்திவிடும். ‘இந்த எண்ணைச் சொல்லி வருகிறவர்களை மட்டும் என் கணினிக்கு அனுப்பு’ என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். அதை நான் கற்றுக்கொண்டேன். ஆனால் இணையக் கம்பெனி பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அதனால் நான் என்ன செய்தாலும் வெளியாட்கள் என் ரௌட்டர்வரை வந்து சேர முடியாது. இந்த வீட்டுக்கென்று தனி முகவரி வேண்டும் என்று கேட்டால் தருவார்களாம். கேட்டேன்.

“அக்கவுண்ட் யார் பேருல அக்கா?”

“என் வீட்டுக்காரர் பேருல.”

“அப்ப அவர்தான் கோல் பண்ணணும். சொரி லா அக்கா.”

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, நான் கேட்காமலேயே, உங்கள் பெயரில் இணைப்பு எடுத்துக் கொடுத்தீர்கள். கணக்கு இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை அழைத்து ‘பப்ளிக் ஐபி வேண்டும்’ என்று சொல்லுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

லோகேஸ்வரி


கிள்ளான்
11 மார்ச் 2025

லோகாவுக்கு,

மின்னஞ்சல் தலைப்பில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்று பார்த்ததும் ஆபீஸ் கடிதம் என்று நினைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிள்ளான் துறைமுகத்தில் நான் செய்கிற வேலை அதுதானே. கப்பல் வரும், கொந்தேனர் பெட்டி இறங்கும், கஸ்டம்ஸ் முடித்து லோரியில் ஏற்றி உரியவர் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். ஒரு நிமிடம் நீ ஏதோ இறக்குமதி வியாபாரம் ஆரம்பித்துவிட்டாய் என்றே நினைத்தேன். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற யுகேந்திரனிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த தே தாரேக் மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.

அவன் சொல்கிறான், இது சின்ன வேலையாம். சனிக்கிழமை நானும் அவனும் வருகிறோம். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுவான். வரும்போது மீன் குழம்பு வைத்து எடுத்து வருகிறேன். குளியலறைப் பக்கத்து சுவிட்ச் ஆடுகிறது என்று முன்பு சொன்னாய், அதையும் பார்த்துவிடலாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ போன பிறகு எனக்கு வந்த முதல் கடிதம் இது. ரௌட்டரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வரி இல்லை. கோயிலில், கல்யாண வீட்டில், “லோகா எங்க?” என்று கேட்கிறார்கள். “கோலாலம்பூர்ல கோர்ஸ் போயிருக்காங்க” என்கிறேன். எந்தக் கோர்ஸ் இத்தனை மாதம் நடக்கும் என்று அவர்களும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் மோட்டார்காரன்கள் எப்படி வருவான்கள் என்று எனக்குத் தெரியும். நீ தனியாக அதைக் கடக்கிறாய் என்று நினைத்தாலே வேலையில் கை ஓடுவதில்லை.

கம்பெனிக்கு இன்னும் அழைக்கவில்லை. சனிக்கிழமைக்கு என்ன சொல்கிறாய்?

செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்
13 மார்ச் 2025

திருச்செல்வத்துக்கு,

சனிக்கிழமை வர வேண்டாம். யுகேந்திரனும் வேண்டாம். மீன் குழம்பு இங்கே கீழே கடையிலேயே கிடைக்கிறது. முள் எடுத்துச் சாப்பிட எனக்குத் தெரியும். சுவிட்சை மாற்றியாகிவிட்டது.

ஏன் நானே செய்ய வேண்டும் என்று யுகேந்திரனுக்குப் புரியாமல் இருக்கலாம். உங்களுக்குப் புரிய வேண்டும்.

கடைசி அறுவை சிகிச்சையும் பலிக்கவில்லை என்று மருத்துவர் சொன்ன வாரம். நான் கட்டோடு படுத்திருந்தேன். நான் பாடம் எடுத்த பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் சீதாலெட்சுமி அழைத்தார். போனை நீங்கள் எடுத்தீர்கள். “அவங்க இனிமே வர மாட்டாங்க டீச்சர். லெட்டர் கொடுத்து அனுப்பிடுறேன்.” நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். போனது கண், காது இல்லை. மறுநாள் வேலையை விடுகிற கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுவந்து, என் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்து, “இங்க கையெழுத்து போடு” என்றீர்கள். போட்டேன். அந்த வாரம் எதைக் கொடுத்திருந்தாலும் போட்டிருப்பேன்.

பிறகு கத்தி மேல் அலமாரிக்குப் போனது. கேஸ் அடுப்பின் திருகைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, “லோகா எப்படி இருக்காங்க?” என்று உங்களைக் கேட்பார்கள். நீங்களும் பதில் சொல்வீர்கள். எனக்கு என்ன பிடிக்கும், எனக்கு எங்கே வலிக்கும், எல்லாம்.

இங்கே கணினி எனக்குத் திரையை வாசித்துச் சொல்கிறது. ரௌட்டரின் பக்கத்தில் பொத்தான்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதனால் அது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லும். அதில் ஒன்று சேமிக்கும், ஒன்று எல்லாவற்றையும் அழித்துவிடும். எது எது என்று எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துத்தான். அழித்த அத்தனையையும் மறுபடி நானே போட்டேன். இப்போது அந்தப் பக்கம் எனக்கு என் சமையலறை மாதிரி.

நான் கேட்டது ஒரு தொலைபேசி அழைப்பு.

லோகேஸ்வரி


கிள்ளான்
22 மார்ச் 2025

லோகாவுக்கு,

அழைத்துவிட்டேன். வெகுநேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்து ஐசி அடையாள அட்டை நம்பர், முகவரி எல்லாம் கேட்டுவிட்டு, “ஓகே அங்கிள், டன்” என்றது. உன் வீட்டுக்கு இப்போது தனி முகவரி.

இன்னொரு நல்ல செய்தி. கணக்குக்காரர் கம்பெனி ஆப்பிலிருந்தே வீட்டு ரௌட்டருக்குள் போகலாமாம். மதியச் சாப்பாட்டின்போது யுகேந்திரனிடம் என் போனைக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தான். “ஒவ்வொரு நம்பரா எதுக்கு அண்ணே, அக்காவுக்குக் கஷ்டம். மொத்தமா தொறந்து வுட்டுருவோம்லா” என்று சொல்லி ஏதோ ஒன்றை அழுத்தினான். இனி வெளியிலிருந்து எது வந்தாலும் நேராக உன் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். பெயரில்லாத பட்டன்களோடு நீ மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே வராமலேயே வேலை முடிந்தது.

இதைப் படித்ததும் கோபப்படுவாய் என்று தெரியும். வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோபப்படு.

செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்
2 ஏப்ரல் 2025

திருச்செல்வத்துக்கு,

வேலை செய்தது. அன்று மாலையே பூச்சோங்கிலிருந்து ஃபஹீமா என்கிற பிள்ளை கேட்டாள். நோன்பு திறந்த கையோடு போன் செய்து, “டீச்சர், வருது டீச்சர்” என்றாள். எனக்கு அந்த மகிழ்ச்சியில் உங்கள் மேல் இருந்த கோபம்கூடக் குறைந்தது. உங்களுக்கு நன்றி சொல்லி நான்கு வரி அடித்து வைத்திருந்தேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

ஹரி ராயா பெருநாள் அன்று காலை கணினியைப் போட்டேன். வழக்கமாக முதலில் நேரத்தைச் சொல்லும். அன்று ஆங்கிலத்தில் ஏதோ வாசிக்க ஆரம்பித்தது. உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுள்ளன, திரும்ப வேண்டுமானால் இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று. மழை வருமா வராதா என்று வாசிக்குமே, அதே குரலில், அதே வேகத்தில். விளம்பரம் என்று நினைத்து மூடினேன். பாடங்கள் இருக்கிற இடத்துக்குப் போனேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதைத் திறந்தாலும் சத்தம் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றாவது தப்பியிருக்கும் என்று கடைசிவரை போனேன்.

இலக்கணத்தில் பாதி ஒரு தம்ப் டிரைவில் இருக்கிறது. செய்யுளும் கட்டுரையும் முழுவதும் போய்விட்டன. பூட்டியவர்களுக்கு நான் எழுதப் போவதில்லை.

நான் கேட்டது ஒரு கதவு. நீங்கள் சுவரையே எடுத்துவிட்டீர்கள். எந்த வீட்டுச் சுவர் திறந்திருக்கிறது என்று நாள் முழுவதும் தட்டிப் பார்ப்பதற்கென்றே எங்கோ இயந்திரங்கள் ஓடுகின்றன. வீட்டுக்குள்தானே என்று பூட்டாமல் வைத்திருந்த கோப்புறைவரை அவை வந்துவிட்டன. ஒரே ஒரு எண்ணைத்தான் திறக்க வேண்டும், அதற்கும் பூட்டுப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் படித்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யுகேந்திரனை நான் குறை சொல்லவில்லை. போனைக் கொடுத்தவர் நீங்கள்.

இப்போது செய்திருப்பது: கம்பியைப் பிடுங்கினேன். கணினியை முழுவதும் துடைத்து மறுபடி நிறுவினேன். ரௌட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் கொண்டை ஊசியை விட்டு அழுத்தி அதையும் புதிதாக்கினேன். விளக்கு சிவப்பா பச்சையா என்று மட்டும் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்கா பார்த்துச் சொன்னார். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை உங்கள் போனிலிருந்து உள்ளே வர முடியும்.

அதனால் இரண்டாவதாக ஒன்று கேட்கிறேன். கணக்கை என் பெயருக்கு மாற்றித் தாருங்கள். இருவரும் ஐசியோடு நேரில் போக வேண்டுமாம்.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக் காலை முதல் பாடத்திலிருந்து மறுபடி பதிவு செய்யத் தொடங்குகிறேன். ஆண்டுக் கடைசியில் தேர்வு இருக்கிறது.

லோகேஸ்வரி


கிள்ளான்
27 ஏப்ரல் 2025

லோகாவுக்கு,

பதில் தாமதம். எழுதி எழுதி அழித்தேன். மன்னிப்பு என்று ஒரு பக்கம் எழுதினால் நீ முதல் வரியோடு நிறுத்திவிடுவாய். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

செய்தியைச் சொன்னதும் யுகேந்திரன் முகம் செத்துவிட்டது. “நான் போய் சரி பண்ணித் தரேண்ணே” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனிலிருந்து அந்த ஆப்பையும் அழித்துவிட்டேன். நீ அதை நம்ப வேண்டும் என்று இல்லை.

அன்று சாயங்காலம் நீ வைத்திருக்கிற வாசிக்கும் மென்பொருளை நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இறக்கினேன். திரையை அணைத்தேன். மௌஸைக் கழற்றி வைத்தேன். நம் ரௌட்டருக்குள் போய்ப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பார்க்கலாம் என்ற வார்த்தை தப்பு, இருக்கட்டும்.

முதல் நாள் கடவுச்சொல் போடுகிற இடத்தைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது பேசுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் நாள் உள்ளே போனேன். நீ சொன்ன மாதிரியே பட்டன், பட்டன் என்றது. ஒன்றை அழுத்தினேன். வீட்டில் இன்டர்நெட்டே போய்விட்டது. எதை அழுத்தினேன் என்றும் தெரியவில்லை, எப்படித் திரும்புவது என்றும் தெரியவில்லை. வியர்த்துவிட்டது. கடைசியில் திரையைப் போட்டுத்தான் சரி செய்தேன். எனக்குத் திரையைத் திரும்பப் போட்டுக்கொள்ள முடிந்தது.

இதைச் சொன்ன பிறகு என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்தேன் என்கிற மாதிரி எழுதியிருந்தாய். அந்த வாரம் மருத்துவர் போன பிறகு, நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னாய். “எனக்கு ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்க.” அதற்குப் பிறகு ஒரு வாரம் நீ பேசவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த விதத்தில் பார்த்துக்கொண்டேன். அந்த வார்த்தை எப்போது முடிந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை லோகா. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் நீ பெட்டியோடு உட்கார்ந்திருந்தாய்.

கணக்கை மாற்றிவிடலாம். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி எனக்கு விடுப்பு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள இணையக் கம்பெனி கவுண்டருக்கு நான் கொமுட்டர் ரயில் பிடித்து வந்துவிடுகிறேன். உன் வீட்டு வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போக மாட்டேன். நீ உன் வழியில் வா.

செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்
10 மே 2025

செல்வத்துக்கு,

நேற்று கவுண்டரில் அதிகம் பேச முடியவில்லை. பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் உள்ளே வந்தபோது நீங்கள் எழுந்து நின்றது தெரிந்தது. நாற்காலி நகர்ந்தது. ஓடி வந்து முழங்கையைப் பிடிப்பீர்கள் என்று தோளை இறுக்கி வைத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. “இங்க இருக்கேன்” என்று மட்டும் சொன்னீர்கள். குரல் வந்த பக்கம் வந்து சேர்ந்தேன்.

பிறகு கவுண்டரில் இருந்த பெண் உங்களிடம், “அங்கிள், ஆன்டிக்கு சைன் பண்ணத் தெரியுமா?” என்று கேட்டாள். எனக்குப் பழகிப்போன கேள்வி. உங்கள் பதிலும் எனக்குப் பழக்கம்தான். காத்திருந்தேன்.

“அவங்க இங்கதானே இருக்காங்க. அவங்களையே கேளும்மா.”

அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். “ஆன்டி, சைன் பண்ணுவீங்களா?”

“பண்ணுவேன். எந்த இடம்னு மட்டும் சொல்லு.”

அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இந்த முறை விரலை யாரும் பிடித்து வைக்காமல் நானே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் எழுதியதற்குப் பதில். அப்படி ஒரு வார்த்தை சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்த வாரம் நான் அப்படித்தான் இருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதும் உண்மை. நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கோபத்தோடு காத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணி குடிக்கலாமா என்று நீங்கள் கேட்டபோது வகுப்பு இருக்கிறது என்றேன். நிஜமாகவே வகுப்பு இருந்தது.

இப்போது காரியம். பாதிப் பாடங்களுக்கு மேல் மறுபடி பதிவாகிவிட்டன. ஒவ்வொரு நாளும் தனியாக ஒரு டிரைவில் நகல் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். இந்த முறை ரௌட்டரில் ஒரே ஒரு எண்ணைத்தான் திறந்திருக்கிறேன். கோப்புறையை யாருக்கும் பகிரவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் இந்த ரௌட்டரை வைத்துக்கொண்டு, வெளியாட்களுக்குத் திறக்கிறதா என்று வீட்டுக்குள் இருந்து சோதித்துப் பார்க்க முடியாது. தெருவுக்குப் போய் என் போனில் கேட்டாயிற்று, ஆனால் வேறு ஊரிலிருந்து, வேறு கருவியில் திறக்கிறதா என்று பார்க்க வெளியில் ஒருவர் வேண்டும். பிள்ளைகளைக் கேட்க எனக்கு மனமில்லை. ஃபஹீமா ஒருமுறை ஏமாந்துவிட்டாள். இன்னொருமுறை ‘வருது டீச்சர்’ என்று சொல்லிவிட்டு மறுபடி இல்லை என்றால் அவள் என்னை நம்ப மாட்டாள்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். முகவரி கீழே இருக்கிறது. பயனர் பெயர் ‘சோதனை’. கடவுச்சொல்லும் கீழே. வியாழன் மாலை கிள்ளானிலிருந்து திறந்து பாருங்கள். என்ன வருகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். சரி செய்ய வேண்டாம்.

லோகேஸ்வரி


கிள்ளான்
15 மே 2025

லோகாவுக்கு,

என்ன வந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வெள்ளைப் பக்கத்தில், ‘இந்தத் தளம் பதில் தர வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது’ என்று ஆங்கிலத்தில் வந்தது. பெயர், கடவுச்சொல் கேட்கும் இடம் வரவே இல்லை. வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டுப் போன் டேட்டாவில் முயன்றேன். அதே பக்கம். எழுத்து எழுத்தாக முகவரியைச் சரிபார்த்தேன், தப்பில்லை.

வேறு எதையும் தொடவில்லை. யுகேந்திரனிடம் கேட்கவில்லை. ஆபீஸில் நான் காகிதத்தில் உன் முகவரியை எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “என்ன அண்ணே அது?” என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உதவாவிட்டால் விட்டுவிடு. எங்களுக்கு ஒரு கொந்தேனர் போய்ச் சேரவில்லை என்று புகார் வந்தால் முதலில் ஒரு கேள்விதான் கேட்போம். துறைமுக கேட்டுக்குள்ளேயே வரவில்லையா, அல்லது வந்து வேறு கிடங்குக்குப் போய்விட்டதா? இரண்டுக்கும் தேடுகிற இடம் வேறு. உன் ரௌட்டரில் அப்படி ஏதாவது தெரியுமா?

செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்
17 மே 2025

செல்வத்துக்கு,

கேட்டுக்குள் வந்திருக்கிறது. வேறு கிடங்குக்குத்தான் போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை எங்கள் புளோக்கில் கரண்ட் போய் வந்தது. திரும்ப வந்தபோது ரௌட்டர் வீட்டுக்குள் இருக்கிற கருவிகளுக்கெல்லாம் புதிதாக உள் எண் கொடுத்திருக்கிறது. என் கணினியின் பழைய எண் வேறொருவருக்குப் போய்விட்டது. நான் எழுதி வைத்த விதியோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த எண் யாருடையது என்று தேடிப் பிடித்தேன். நாடகம் பார்க்க என் வைஃபையைப் பயன்படுத்துகிற பவுனம்மாள் அக்காவின் போன். நீங்கள் இரண்டு தடவை வந்து தட்டியது அக்காவை. “நான் ஒண்ணும் தொடலியே லோகா, நாடகம் மட்டும்தானே பாத்தேன்” என்று பயந்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

என் கணினிக்கு எப்போதும் ஒரே எண்தான் தர வேண்டும் என்று ரௌட்டரில் கட்டிப்போட ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நேற்று முழுநாள் ஆனது. அந்தப் பக்கத்திலும் பொத்தான்களுக்குப் பெயர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் என்ன வாசிக்கிறது என்று கேட்டுக் கேட்டு, எது எதுவென்று நிச்சயமான பிறகுதான் அழுத்தினேன். பிறகு எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எண் மாறவில்லை.

மறுபடி முயன்று பாருங்கள். நாள், நேரம் உங்கள் வசதி.

லோகேஸ்வரி


கிள்ளான்
19 மே 2025

லோகா,

திறந்தது.

அறிக்கை முதலில்: போன் டேட்டாவில், துறைமுக கேட்டுக்கு முன்னால் லோரி வரிசையில் காரில் இருந்தபடி முயன்றேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. வேண்டுமென்றே ஒருமுறை தப்பாகக் கொடுத்தேன், உள்ளே விடவில்லை. சரியாகக் கொடுத்தேன், விட்டது. பாடங்களின் வரிசை வந்தது. முதலில் இருந்ததை அழுத்தினேன். தடங்கல் இல்லாமல் ஓடியது.

அறிக்கை முடிந்தது. இனி எழுதுவது சோதனைக்குச் சம்பந்தமில்லாதது.

“வணக்கம். இன்னைக்கு நாம குற்றியலுகரம் பாக்கப் போறோம்” என்றாய். நம் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீ பாடம் நடத்தி நான் கேட்டதே இல்லை. நீ பள்ளிக்குப் போகிறபோது நானும் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். வீட்டுக்கு வந்தால் திருத்த வேண்டிய கட்டுரைக் கட்டு, களைப்பு, தலைவலி. அதுதான் எனக்குத் தெரிந்த டீச்சர். வகுப்பில் உனக்கு வேறு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவசரமில்லாத குரல். பதில் உனக்குத் தெரியும், ஆனாலும் எதிரில் இருக்கிறவன் சொல்லட்டும் என்று விடுகிற குரல்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டாய். பசு என்ற சொல்லின் கடைசி உகரம் குற்றியலுகரமா என்று. கேட்டுவிட்டு நிறுத்தினாய். பிள்ளைகள் யோசிக்கட்டும் என்று இடம் விட்டிருக்கிறாய். அந்த இடத்தில் நான் காரில் தனியாக உட்கார்ந்து, “ஆமா” என்று வாய்விட்டுச் சொன்னேன். நீ கொஞ்சம் பொறுத்து, “இல்லை. பகரம் தனிக்குறில். தனிக்குறிலுக்குப் பக்கத்துல வர்றது முற்றியலுகரம்” என்றாய். பின்னால் இருந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். வரிசை எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது.

அந்த வேலையைத்தான் நான் ஒரு போன் காலில் முடித்து வைத்தேன். இத்தனை நாள் நான் நினைத்தது, உன் கஷ்டத்தில் ஒன்றைக் குறைத்தேன் என்று.

பிள்ளைகளுக்குச் சொல்லலாம். திறந்திருக்கிறது.

செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூலை 2025

செல்வத்துக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கணினியை வாசிக்கச் சொல்லி அதைக் கேட்டேன், பிறகு வேலையில் இறங்கிவிட்டேன். கோபம் இல்லை.

செய்யுள் பகுதி நேற்று முடிந்தது. போனவை எல்லாம் திரும்ப வந்துவிட்டன. சில பாடங்கள் முன்பைவிட நன்றாகவே வந்திருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஃபஹீமா முந்தாநாள் அழைத்தாள். இந்த முறை ‘வருது டீச்சர்’ எல்லாம் இல்லை. “டீச்சர், வேற்றுமைப் பாடத்துல ஃபேன் சத்தம் ரொம்ப இருக்கு. ஃபேன அடச்சிட்டுத் திரும்பப் பண்ணுங்களேன்” என்றாள். போனை வைத்த பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிடைத்ததே பெரிது என்று இருந்த பிள்ளை, இப்போது குறை சொல்கிறாள். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க மறுபடி பதிவு செய்தேன்.

சீதாலெட்சுமி டீச்சருக்கும் நானே எழுதினேன். நான் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டு, அவர் பள்ளியில் கண் தெரிகிற பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு மாலை நேரில் வந்து எடுக்க முடியுமா என்று கேட்கிறார். ஆகஸ்டில் தொடங்குகிறேன். கிள்ளானுக்குக் கொமுட்டரில் வந்து போவேன். வழி கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். யார் எந்தப் பாடத்தைக் கேட்டார்கள் என்று என் மென்பொருள் எழுதி வைக்கிறது. பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே ‘சோதனை’ என்று ஒருவர், வேலை விடுகிற நேரத்தில் அநேகமாகத் தினமும் வருகிறார். குற்றியலுகரம் முடித்து, புணர்ச்சி முடித்து, போன வாரம் கட்டுரைக்குப் போயிருக்கிறார். குற்றியலுகரத்தை மட்டும் பல தடவை கேட்டிருக்கிறார். அவருக்கு எந்தத் தேர்வும் இல்லை.

சோதனை முடிந்ததும் அந்தப் பெயரை அழித்துவிட வேண்டும். பாதுகாப்புக்கு அதுதான் முறை. பதிப்பகத்துக்கு நான் கொடுத்த வாக்குக்கும் அதுதான் முறை. இன்று காலை அழிப்பதற்கென்றே அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்டது. ‘வேண்டாம்’ என்றேன். கேட்க மட்டும் வருகிறவருக்கு இடம் தர முடியாது. வேலை செய்கிறவருக்குத் தரலாமா என்று பதிப்பகத்தாரிடம் கேட்டேன், சரி என்றார்கள்.

வேலை இதுதான். அடுத்த ஆண்டுக்குப் புதிய பாடப் பகுதிகள் வந்திருக்கின்றன. அச்சுப் புத்தகம். யாராவது கண்ணால் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும். உள்ளது உள்ளபடி. ஒரு சொல்லையும் விடக் கூடாது, சொந்தமாக எதையும் சேர்க்கவும் கூடாது. உங்களுக்குச் சேர்க்கிற பழக்கம் உண்டு. சேர்த்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வேன். லகர ளகரத்தைத் திருத்துவேன். பொறுமை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தேத்தண்ணி நான் போடுகிறேன். நீங்கள் அடுப்பங்கரைக்கு வர வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

‘சோதனை’ என்கிற பெயரை இன்று மாற்றிவிட்டேன். இனி ‘செல்வம்’ என்று போட்டு உள்ளே வாருங்கள். கடவுச்சொல்லை ஞாயிறன்று நேரில் சொல்கிறேன்.

லோகா